இறந்தகாலம் இல்லாத ஞாபகம்

எழுதுகிறவனுக்குத் துயரம் ஒரு மூலதனம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரோடியிருக்கிறது. யாரும் இதை இப்படிப் பச்சையாகச் சொல்வதில்லை. ஆனால் ஒரு கவிதையைப் பாராட்டும்போது ரணம், வலி, அவஸ்தை என்ற வார்த்தைகள்தாம் முதலில் வாயில் வருகின்றன. ரணம் ஆறாமலிருப்பது கவிஞனின் நேர்மைக்குச் சாட்சி. ஆறிவிட்டால் அவன் சௌகரியமான மனிதனாகிவிடுவான். சௌகரியமான மனிதன் எழுத மாட்டான் - இப்படி ஒரு சித்தாந்தம் வாய்விட்டுச் சொல்லப்படாமலே நம் மத்தியில் நடமாடுகிறது. இதைப் பரிசீலிக்க எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. கண்ணசைவுச் சிகிச்சை என்ற ஒன்றை 2018-ல் நான் செய்துகொண்டேன். ஒன்பது அமர்வுகள். அதில் என்ன நடந்தது, அதற்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்ல முயல்கிறேன்.

ஆங்கிலத்தின் முதலெழுத்துகளைக் கொண்டு இதை ஈ.எம்.டி.ஆர். என்கிறார்கள். செய்முறை வெளிப்பார்வைக்கு அற்பமானது. கொஞ்சம் கேலிக்குரியதும்கூட. சிகிச்சை தருபவர் எதிரே, சற்றுப் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு விரல்களை நம் முகத்துக்கு முன்னால் இடமும் வலமுமாக அசைக்கிறார். தலையைத் திருப்பாமல் கண்களால் அந்த விரல்களைத் தொடர வேண்டும். தொடரும்போதே, எந்த ஞாபகம் உபத்திரவம் செய்கிறதோ அதன் மிக மோசமான காட்சியை மனசில் வைத்திருக்க வேண்டும். ஏறக்குறைய அரை நிமிஷம். பிறகு விரல் நிற்கும். ஒரு மூச்சு விட்டுக்கொள்ளலாம். என்ன வந்தது என்று கேட்பார். சொன்னதை விமரிசிக்காமல், வியாக்கியானம் பண்ணாமல், அதிலிருந்தே மேலே போகச் சொல்வார். திரும்பவும் விரல். இதற்கு முன்னும் பின்னுமாகச் சில ஒழுங்குகள் உண்டு. மொத்தம் எட்டுக் கட்டங்கள். முதல் சந்திப்பிலேயே யாரும் விரலை அசைத்துவிடுவதில்லை. பூர்வகதையைக் கேட்டு, மனம் தத்தளித்தால் பற்றிக்கொள்ள ஏதாவது ஒன்றை ஏற்படுத்திக்கொண்ட பிறகே ஆரம்பிக்கிறார்கள். நடந்தது முழுவதையும் விவரித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பேசித்தான் தீர வேண்டும் என்ற ஃப்ராய்ட் வழியிலிருந்து இது விலகுகிற இடம் இது.

இதைக் கண்டுபிடித்த ஃப்ரான்ஸீன் ஷபீரோ, தொடக்கத்தில் ஓர் இலக்கிய மாணவி. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்காகத் தாமஸ் ஹார்டியின் கவிதைகளில் ஈடுபட்டிருந்தவர். 1979-ல் அவருக்குப் புற்றுநோய் வந்தது. அதற்குப் பிறகு இலக்கிய ஆய்வை விட்டுவிட்டு, மனமும் உடம்பும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று தேடிப் புறப்பட்டார். 1987-ல், கலிஃபோர்னியாவின் லாஸ் கேட்டோஸில் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தம்மைத் தொந்தரவு செய்துகொண்டிருந்த எண்ணங்கள் தாமாகவே வலுவிழந்ததைக் கவனித்தார். அந்த நேரத்தில் தம் கண்கள் இங்குமங்கும் வேகமாக அசைந்ததையும் கவனித்தார். பிறகு வேண்டுமென்றே அசைத்துப் பார்த்தார். மற்றவர்களிடமும் சோதித்தார். 1989-ல் 22 பேரைக் கொண்டு செய்த ஆய்வை வெளியிட்டார். வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பியவர்களும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும் அதில் இருந்தார்கள். 2013-ல் உலக சுகாதார நிறுவனம் மனக்காயத்துக்கான சிகிச்சைகளில் ஒன்றாக இதைப் பரிந்துரைத்தது. ஷபீரோ 2019-ல் காலமானார்.

ஹார்டியை அவர் விட்டு வந்தது வெறும் தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படி விட்டுவிட மனமில்லை. 1912 நவம்பரில் ஹார்டியின் மனைவி எம்மா இறந்தபோது அவருக்கு வயது 72. ஒரே வீட்டில் வருஷக்கணக்காக இருவரும் விலகி வாழ்ந்திருந்தார்கள். 1913 மார்ச்சில் அவர் கார்ன்வாலுக்கு, 1870-ல் எம்மாவை முதன்முதலாகச் சந்தித்த பிரதேசத்துக்கு, தேடிப் போனார். அந்தக் காலத்துக் கவிதைகள் 1914-ல் வெளிவந்த அவருடைய தொகுப்பில் ஒரு தனி வரிசையாக இருக்கின்றன. அவருடைய ஆகச் சிறந்த கவிதைகள் அவைதாம் என்பது பல விமரிசகர்களின் அபிப்பிராயம். ஞாபகம் இருக்கும் இடத்துக்கே திரும்பப் போய், அதை அசைத்து, வேறு ஞாபகங்களோடு அது உறவுகொள்ளும்படி செய்வது - ஹார்டி கால்நடையாகச் செய்ததும் இதுதான். ஷபீரோ ஒன்றிலிருந்து இன்னொன்றை எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே காரியத்தின் இரண்டு ரூபங்களாக எனக்குத் தெரிகின்றன என்று மட்டும் சொல்கிறேன்.

என் விஷயம் இது. 2015-ல் மதுரையிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். உளுந்தூர்ப்பேட்டை தாண்டி, சாலையோரம் நின்றிருந்த லாரியில் மோதி, பேருந்து கரும்புக் கொல்லைக்குள் இறங்கிச் சாய்ந்தது. எனக்கு முழங்கையில் மட்டும் அடி. ஒரு ஹெட்லைட் எரிந்துகொண்டே இருந்தது. அந்த வெளிச்சத்தில், தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அறுபது வயதுக்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஒரு செருப்பக் காணோம், கொஞ்சம் பாருங்க." நான் தேடினேன். செல்போன் வெளிச்சத்தில், உடைந்த கண்ணாடிக்கும் கரும்புச் சோகைக்கும் நடுவில் தேடினேன். எவ்வளவு நேரமோ. பழுப்புத் தோல் செருப்பு. வார் அறுந்து வெள்ளை நூலால் தைக்கப்பட்டிருந்தது. எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அதன்பின் மூன்று வருஷங்களாக, என் கையில் இருக்கும் அந்தச் செருப்பு வந்துகொண்டிருந்தது. அவருடைய முகம் வரவில்லை. ரத்தம் வரவில்லை. செருப்பும், வெள்ளை நூலும், டீசல் வாடையும் மட்டும். பெட்ரோல் பங்க்கில் வரும். செருப்புக் கடையில் வரும். யார் வீட்டு வாசலிலாவது செருப்பைக் கழற்றக் குனியும்போது வரும்.

நவீன கவிதையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் படிமம் என்ற சொல்லைப் புழங்குகிறோம். அந்தச் செருப்பு ஒரு படிமம் என்றுதான் நண்பர்கள் சொல்வார்கள். பழுப்புத் தோல், வெள்ளை நூல், சாவு. ஸ்தூலமானது, துல்லியமானது, விளக்கம் வேண்டாதது. மூன்று வருஷத்தில் பதினொரு முறை அதை எழுத முயன்றிருக்கிறேன். எல்லாம் போலீஸ் அறிக்கை. ஓர் உவமை வரவில்லை. உவமைக்கு இரண்டாவது பொருள் ஒன்று வேண்டும். அந்தச் செருப்பு தன் பக்கத்தில் எதையும் அண்டவிடவில்லை. அது எதைப் போலவும் இல்லை. ஒவ்வொரு முறையும் அதே கோணம், அதே வெளிச்சம், அதே வாடை. கவிதையின் படிமம் இதற்கு நேர் எதிரானது. ஒரு நல்ல படிமத்திடம் இரண்டாம் முறை போனால் அது கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. வேறொன்று அதில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாசகனின் ஞாபகத்தையும் அது உள்ளே வாங்கிக்கொள்கிறது. மனக்காயத்தின் காட்சி எதையும் வாங்கிக்கொள்வதில்லை. சுவரில் அறைந்த ஆணி மாதிரி இருக்கிறது. ஆணியையும் படிமத்தையும் நாம் ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம் என்பதுதான் என் முக்கியமான வாதம்.

சிகிச்சை தந்தவர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். முதலில் அந்தக் காட்சியைச் சொல்லச் சொன்னார். பிறகு கேட்டார்:

"அந்தப் படம் வர்றப்ப, உங்களைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது சார்?"

"செருப்பத் தேடறேன்."

"அது நடந்தது. உங்களைப் பத்தி?"

கொஞ்சம் நேரம் பிடித்தது. "எதுக்கும் உதவாதவன்."

அதற்குப் பதிலாக எதை நம்ப விரும்புகிறீர்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பூஜ்யத்திலிருந்து பத்துவரை உபத்திரவம் எவ்வளவு என்றார். எட்டு என்றேன். உடம்பில் எங்கே என்றார். தொண்டைக்குக் கீழே. பிறகு விரல்களை உயர்த்தினார். "வர்றது வரட்டும். நிறுத்தாதீங்க, இழுக்காதீங்க. ரயில்ல ஜன்னல் பக்கம் உக்காந்து வெளியே பாக்கிற மாதிரி பாத்துக்கிட்டே இருங்க."

முதல் அமர்வில் செருப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை. வியர்வை கொட்டியதுதான் மிச்சம். அடுத்த இரண்டு வாரங்களில் கனவுகள் அதிகமாயின. அப்படி ஆகலாம் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மாறுதல் நாலாவது அமர்வில் தொடங்கியது. விரல் நின்ற ஓர் இடைவெளியில், சம்பந்தமே இல்லாமல், எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கீழே கிடந்த அப்பாவின் செருப்புகள் வந்தன. அப்பா போய்ப் பதினாறாம் நாள்வரை அவற்றை யாரும் தொடவில்லை. அதைச் சொன்னேன். "அதோட போங்க" என்றார். அடுத்து, சின்ன வயசில் கரும்பு கடித்து உதடு கிழிந்தது. அடுத்து ஒரு குரல். மூன்று வருஷமாக ஊமைப்படமாக இருந்த காட்சியில் அந்த மனிதரின் குரல் வந்தது. அதில் பயம் இல்லை. கிளம்பப் போகிறவர் வாசலில் நின்று கேட்பது மாதிரி இருந்தது. அவர் கேட்டது செருப்பைத்தான் என்பது அப்போது எனக்கு உறைத்தது. தண்ணீரைக் கேட்கவில்லை. டாக்டரைக் கேட்கவில்லை.

ஏழாவது அமர்வில், செருப்பைக் கொண்டுபோய் அவர் காலுக்குப் பக்கத்தில் வைத்தது ஞாபகம் வந்தது. இப்படி நடந்ததா, அல்லது என் மனம் இட்டுக்கட்டியதா? நிரூபிக்க வழியில்லை. சிகிச்சை அறை நீதிமன்றமும் அல்ல. மூன்று வருஷம் என் கையிலேயே இருந்த செருப்பு கையை விட்டு இறங்கியது என்பது மட்டும் எனக்கு நிச்சயம். 'கேட்டதைச் செய்தேன்' என்ற வாக்கியம் தானாக வந்தது. எண் இரண்டுக்கு இறங்கியது.

இன்னொன்றையும் கவனித்தேன். முதல் நாள் நான் சொன்னது: "தேடறேன், கெடைக்கல, லைட் கண்ணுல அடிக்குது." கடைசி நாள் சொன்னது: "தேடினேன். கெடைச்சுது. பக்கத்துல வெச்சேன்." யாரும் எனக்கு இலக்கணம் சொல்லித்தரவில்லை. வினைமுற்று தானாக மாறியிருந்தது.

விரலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இதில் சர்ச்சை உண்டு. சர்ச்சையை மறைத்தால் நான் ஒரு புது பக்தனாகிவிடுவேன். ரிச்சர்ட் மெக்நாலி என்ற உளவியலாளர் 1999-ல் இதை மெஸ்மெரின் காந்த வைத்தியத்தோடு ஒப்பிட்டு எழுதினார். 1784-ல் பாரிஸில், பெஞ்சமின் ஃப்ராங்க்ளினும் லவாஸியேயும் இடம்பெற்ற குழு ஒன்று மெஸ்மெரின் கொள்கையைச் சோதித்தது. நோயாளிகளிடம் தெரிந்த விளைவுகள் நிஜமாக இருக்கலாம், ஆனால் காந்த திரவம் என்று ஒன்று கிடையாது என்பது அதன் முடிவு. அதேபோல, பயங்கரமான ஞாபகத்தைப் பாதுகாப்பான இடத்தில் வைத்து எதிர்கொள்வதுதான் குணம் தருகிறது, விரல் வெறும் ஜோடனை என்பது மெக்நாலி போன்றவர்களின் வாதம். 2001-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பரிசீலனை, கண்ணசைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் ஒன்றே என்றது. 2013-ல் வந்த இன்னொன்று, கண்ணசைவு தன் பங்குக்குக் கூடுதலாக ஏதோ செய்கிறது என்றது.

அந்த 'ஏதோ' என்ன என்பதற்கு எனக்குத் திருப்தியாக இருக்கும் விளக்கம், ஆலன் பாட்லியும் க்ரஹாம் ஹிட்ச்சும் 1974-ல் முன்வைத்த கருத்திலிருந்து வருகிறது. மனம் ஒரு நேரத்தில் கையாளக்கூடியது கொஞ்சம்தான். காட்சிகளைத் தற்காலிகமாக வைத்துப் பார்க்க ஒரு சின்னப் பலகை மாதிரி ஒன்று இருக்கிறது. விரலைத் தொடர்வதும் காட்சியை நினைப்பதும் அந்தப் பலகையிலேயே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. காட்சிக்குக் கிடைக்கும் இடம் குறைகிறது, அது மங்குகிறது, மங்கிய நிலையிலேயே திரும்பவும் சேமிக்கப்படுகிறது. 1997-ல் பாட்லியும் அவர் சகாக்களும் செய்த சோதனைகள் இதைப் பெருமளவு ஆதரித்தன. இதன்படி பார்த்தால் விரலுக்கு மகிமை ஒன்றும் இல்லை. மனசின் இடத்தைப் பிடித்துக்கொள்கிற வேறு வேலையும் பலன் தரலாம்.

இங்கேதான் நம் நண்பர்களின் பயத்துக்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. நெதர்லாந்தில் மார்ஸெல் வான் டென் ஹௌட்டும் சகாக்களும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், கண்ணசைவு கெட்ட ஞாபகங்களை மட்டும் மங்கச் செய்யவில்லை. சந்தோஷமான ஞாபகங்களும் தம் பிரகாசத்தில் கொஞ்சம் இழந்தன. இந்தக் கருவிக்கு நல்லது கெட்டது தெரியாது. இதைப் படித்தபோது எனக்குக் கலக்கம் இருந்தது. எது எழுத்துக்கு வேண்டியது, எது வேண்டாதது என்று எந்த விரலுக்குத் தெரியும்? ஆனால் சிகிச்சை கண்டதையும் மங்கச் செய்வதில்லை. ஒரு குறிப்பிட்ட காட்சியை எடுத்து வைத்துக்கொண்டுதான் நடக்கிறது. அப்பாவின் செருப்புகள் இந்த ஒன்பது அமர்வுகளுக்குப் பிறகு எனக்கு முன்னைவிடத் தெளிவாகத் தெரிகின்றன.

இன்னொரு முரணையும் சொல்லிவிட வேண்டும். வினைமுற்று, உவமை என்று நான் இதை மொழியின் காரியமாக ஆக்கிக்கொண்டிருக்கிறேன். 2019-ல் தென்கொரிய விஞ்ஞானிகள், ஒரு சத்தத்தைக் கேட்டால் பயத்தில் உறைந்துபோகும்படி பழக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு, இடமும் வலமுமாக மாறிமாறி ஒளியைக் காட்டினார்கள். பயம் குறைந்தது. மூளையில் பார்வையைத் திருப்பும் பகுதியிலிருந்து பயத்தின் பகுதிக்குப் போகும் ஒரு பாதையையும் கண்டார்கள். சுண்டெலிக்கு இறந்தகாலம் கிடையாது, கவிதையும் கிடையாது. ஆக, ஆணி தளர்வது உடம்பின் காரியம். தளர்ந்த இடத்தில் என்ன வந்து சேர்கிறது என்பது மனிதனின் காரியம். இலக்கியத்துக்கு வேலை இரண்டாவதில் இருக்கிறது.

குணமானால் எழுத்து போய்விடும் என்பவர்களுக்கு வில்ஃப்ரெட் ஓவனை நினைவுபடுத்த விரும்புகிறேன். 1917-ல் ஷெல் அதிர்ச்சியோடு எடின்பரோவுக்கருகே க்ரெய்க்லாக்கார்ட் ராணுவ மருத்துவமனைக்கு வந்தார். அவரைக் கவனித்த டாக்டர் ஆர்தர் ப்ராக், நோயாளி ஏதாவது வேலையில் ஈடுபடுவதுதான் மருந்து என்று நம்பியவர். ஓவன் அங்கே 'ஹைட்ரா' என்ற மருத்துவமனைப் பத்திரிகையின் ஆசிரியரானார். சிறு பத்திரிகை. ஸீக்ஃப்ரிட் ஸஸூனும் அப்போது அங்கே நோயாளி. ஓவனின் பெயர்பெற்ற கவிதைகளில் சில அந்த மாதங்களில்தான் உருவெடுத்தன. அதாவது காயத்தின் உச்சத்தில் அல்ல, காயம் ஆறத் தொடங்கியபோது. காயத்தின் உச்சத்தில் அவருக்கு வாய்த்தவை நடுக்கமும் கெட்ட கனவுகளும்தாம்.

ஓவனின் கதை அதோடு முடியவில்லை. குணமானவரை 1918-ல் திரும்பவும் போர்முனைக்கு அனுப்பினார்கள். நவம்பர் 4-ந் தேதி, யுத்தம் முடிய ஒரு வாரம் இருக்கையில், சுட்டுக் கொல்லப்பட்டார். எந்த மனச் சிகிச்சையையும் பற்றி என் ஆட்சேபம் ஒன்று இங்கே இருக்கிறது. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இந்த நோய்க்கு அதிகாரபூர்வமாகப் பெயர் வைத்தபோது, அதன் முதல் சொல்லே 'போஸ்ட்', அதாவது 'பின்'. நடந்தது முடிந்துவிட்டது என்பது அந்தச் சொல்லின் அனுமானம். என் பேருந்து மோதியது ஒரு முறை. அது முடிந்துவிட்டது. தினமும் அடிக்கிற புருஷனோடு இருக்கிறவளுக்கும், காணாமல்போன மகனின் படத்தோடு உட்கார்ந்திருக்கிற தாய்க்கும் அது முடியவில்லை. அவர்களிடம் எதை இறந்தகாலத்தில் சொல்லச் சொல்வது? விரலை அசைக்கிறவர் அறைக்கு வெளியே எதையும் மாற்ற முடியாது. இதைச் சிகிச்சையின் குறையாக நான் சொல்லவில்லை. எல்லாத் துயரத்தையும் தனிமனிதனின் மூளைக்குள் தள்ளிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் இலக்கணக்காரர்கள் இறந்தகாலத்தை 'இறப்பு' என்றார்கள். இறத்தல் என்றால் கடந்துபோதல். சாவும் அதில் ஒரு வகை. கடந்துபோன ஒன்றைப் பற்றித்தான் 'நடந்தது' என்று சொல்ல முடியும். கடந்துபோகாத ஞாபகத்துக்கு வாக்கியம் அமைவதில்லை, கூச்சல்தான் அமைகிறது. நம் பத்திரிகைகளில் வருகிற, நான் உள்பட நாம் எழுதுகிற, பல கவிதைகளைத் திருப்பிப் படிக்கும்போது இந்த வித்தியாசம் இப்போது எனக்குத் தெரிகிறது. சிலவற்றில் வலி இருக்கிறது, அசைவு இல்லை. அவற்றின் முன்னால் நாம் மரியாதையாக மௌனமாகிவிடுகிறோம். அந்த மௌனத்தைக் கவிதையின் வெற்றி என்று எடுத்துக்கொள்கிறோம். விமரிசனம் அந்த இடத்தில் மௌனமாகாமல், எவ்வளவு வலிக்கிறது என்பதை விட்டுவிட்டு, இதன் பக்கத்தில் வேறு எது வந்து உட்கார முடிகிறது என்று கேட்கலாம்.

செருப்பைப் பற்றிய கவிதையை நான் இன்னும் எழுதவில்லை. எழுதாமலிருக்கவும் முடியும் என்பது ஒரு புதிய சுதந்திரமாக இருக்கிறது. மூன்று வருஷம் அது என்னை எழுதச் சொல்லி நச்சரித்தது. நான் அதற்குக் கட்டுப்பட்டிருந்தேன். இனி எழுதினால், அது என் விருப்பத்தில் எழுதியதாக இருக்கும்.